மூன்று நாள் பெட்டியும் இருபது நாள் பெட்டியும்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஷாகுல் ஹமீது சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் பழுதான பொருள் எதுவும் இல்லை. ஒரு பிளாஸ்க் தேநீர், மடக்குக் குடை, சட்டைப் பையில் இரண்டு பேனா, அவ்வளவுதான். தன் எண்ணைக் கூப்பிட்டதும், பக்கத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தவிக்கும் யாரிடமாவது டோக்கனைக் கொடுத்துவிட்டு இன்னொன்று எடுத்துக்கொண்டு மறுபடியும் உட்காருவார். எத்தனை பேர் மதர்போர்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், கவுண்டரில் இருப்பவர் நிமிர்ந்து பார்க்கிறாரா, எத்தனை நாள் தவணை சொல்கிறார், சொன்ன நாளில் கொடுக்கிறாரா என்பதையெல்லாம் கவனிப்பார். செவ்வாய்க்கிழமை இன்னொரு கம்பெனியின் சென்டர். வாசல் காவலாளி அவரை யாரோ மேலதிகாரி என்று நினைத்து சல்யூட் அடிக்கிறார். அவரும் மறுப்பதில்லை.

ஏன் இப்படி என்று கேட்டேன். "மாப்ள எப்படிப்பட்டவன்னு மாப்ள வீட்லயா கேப்பாக? தெருவுல நாலு பேருட்ட விசாரிப்பாகல்லா, அது மாதிரிதான்" என்றார்.

புனேயை அடுத்த சிஞ்ச்வட்டில், ஸ்டேஷனை ஒட்டிய ஒரு வணிக வளாகத்தில், மாடிப்படிக்கு அடியில் அவருடைய கடை. பகலிலும் டியூப்லைட் எரியும். கம்ப்யூட்டருக்கு வேண்டிய பாகங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, பொருத்தி, ஓடவிட்டுக் கொடுப்பது தொழில். சொந்த ஊர் கடையநல்லூர். பத்தொன்பது வயதில், ஆகுர்டியில் மாமா வைத்திருந்த பைக்கடைக்கு ஜிப் தைக்க வந்தவருக்கு இப்போது ஐம்பத்தொன்று. ஹிந்தியும் மராத்தியும் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் இரண்டையும் கடையநல்லூர் ராகத்தில்தான் பேசுவார். மராத்திக்காரர்கள் "அண்ணா" என்கிறார்கள், தமிழர்கள் நாங்கள் "பாய்" என்கிறோம். இரண்டுக்கும் ஒரே மாதிரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் பொதுவாகப் பளபளக்கும் பாகங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். ஷாகுல் ஹமீதுக்கு மதர்போர்டு ஒன்றுதான் விஷயம். மற்றவை எல்லாம் வந்து செருகிக்கொள்கிற பலகை அது. "மத்ததெல்லாம் குடித்தனக்காரங்க சார். சரியில்லன்னா காலி பண்ணச் சொல்லிறலாம். இது வீடு" என்பது அவர் கட்சி.

இந்த வீட்டைக் கட்டித்தரும் கம்பெனிகள் நாலைந்து உண்டு. எந்தக் கம்பெனி உசத்தி என்று இணையத்தில் இளைஞர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஷாகுல் ஹமீது கம்பெனிப் பெயரை உச்சரிப்பதே இல்லை. உச்சரிப்பதில்லை என்பதோடு நிற்கவும் இல்லை. சரக்கு வந்ததும் பெட்டிகளுக்கு எல்லாம் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போலக் காக்கி அட்டை போட்டுவிடுகிறார். மேலே வெள்ளைச் சீட்டு. பெயர் எழுத வேண்டிய இடத்தில் "3 நாள்", "9 நாள்", "20 நாள்" என்று எழுதியிருக்கும். பழுதானால் சரிசெய்து கையில் வர அத்தனை நாள். சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, கணக்கு மாறியிருந்தால் பழைய சீட்டின் மேல் புதுச் சீட்டு ஒட்டுவார். கம்பெனிப் பிரதிநிதிகளுக்கு இதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். "பேரப் போட்டு வச்சா, நாலு கட்சிக்காரன ஒரே டீக்கடை பெஞ்சுல உக்காத்தி வச்ச மாதிரி ஆயிருது" என்று அவர்களைச் சமாதானப்படுத்துவார்.

நானும் அவரிடம் மூக்குடைபட்டவன்தான். இரண்டு கம்பெனிகளை ஒப்பிட்டு, பதினேழு பத்திகளில் அட்டவணை போட்டு, அச்செடுத்துக்கொண்டு போனேன். முழுவதையும் மரியாதையாகப் படித்தார். எதற்கு கம்ப்யூட்டர் என்று கேட்டார். பத்திரிகைக்கு மாதம் ஒரு கட்டுரை எழுத என்றேன். "ஒரு மாசம் வராட்டா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். ஆசிரியர் ஒருவேளை நிம்மதியாக இருப்பார் என்றேன். "அப்ப நீங்க இருபது நாளையே எடுங்க. நல்ல போர்டு, அழகாவும் இருக்கும்" என்று காக்கிப் பெட்டியை நகர்த்தினார். என் அட்டவணையைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்திலேயே ரசீது எழுதினார்.

கல்லூரிப் பையன்கள் விளையாட்டுக்காக வாங்க வந்தால், அவர்களுக்கும் தயங்காமல் இருபது நாள்தான். "பரீட்சை சமயமாப் பாத்துக் கெட்டுச்சுன்னா அவன் உம்மா எனக்கு துவா செய்வா."

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன், ஆகுர்டியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த லூர்துசாமிக்கு, இணையத்தில் எல்லாரும் புகழ்ந்த ஒரு போர்டைப் போட்டுக் கொடுத்தார். கல்யாண சீசன் நடுவில் அது படுத்துவிட்டது. கம்பெனிக்குப் போய்த் திரும்பி வர இருபத்தாறு நாள். நான்கு கல்யாணங்களின் ஆல்பம் நேரத்துக்குப் போகவில்லை. லூர்துசாமி சண்டைக்கு வரவில்லை. அதற்கப்புறம் இந்தத் தெருப் பக்கமே வருவதில்லை. "ஒரு ஏச்சு ஏசியிருந்தாருன்னா நா மறந்திருப்பேன் சார்" என்கிறார் ஷாகுல் ஹமீது.

இந்த வருஷம் ஏப்ரலில் விநியோகஸ்தரின் ஆள் ஜோக்லேக்கர் ஒரு திட்டத்தோடு வந்தார். இருபது நாள் கம்பெனியின் போர்டு, ஜூன் முப்பதுக்குள் இருபத்தைந்து விற்றால், கடைக்காரருக்கும் மனைவிக்கும் நான்கு நாள் மலேசியா. கம்பெனியின் புனே சென்டரைப் போன வருஷம் மூடிவிட்டார்கள், எல்லாம் மும்பைக்குத்தான் போய்வர வேண்டும், அதனால்தான் இந்தக் கவர்ச்சி. மற்றபடி போர்டில் குறையில்லை.

அவர் மனைவி ருக்கையாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒவ்வொரு விடுமுறைக்கும் யாராவது ஒருத்தர் கல்யாணம் என்று கடையநல்லூருக்கே போய்வந்த பெண்மணி. "ரயில் ஜன்னல்ல பாத்த ஊரெல்லாம் எனக்கு மனப்பாடம். எறங்குன ஊரு ரெண்டுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். திட்டம் வந்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். விசாரணைக்கு வந்த போலீஸ்காரருக்கு அந்த ஊர் அவல் உப்புமாவான போஹா செய்து கொடுத்து, அவர் போதும் போதும் என்ற பிறகும் இன்னொரு கரண்டி வைத்தாராம். பாஸ்போர்ட் வந்ததும் அதற்கும் கணவர் பாணியில் காக்கி அட்டை போட்டுவிட்டார்.

ஷாகுல் ஹமீது இதற்காகத் தன் வழக்கத்தை மாற்றவில்லை. வந்தவர்களிடம் எல்லாம் இருபது நாள் என்றால் என்ன என்று முதலிலேயே சொன்னார். பரவாயில்லை என்றவர்களுக்கே விற்றார். அப்படியே இருபத்துநான்கு போய்விட்டன. அதில் என்னுடையதும் ஒன்று.

ஜூன் முப்பது. நல்ல மழை. எங்கள் குடியிருப்பில் இரண்டு மாடி கீழே இருக்கும் அமலாவை நான்தான் கடைக்கு அழைத்துப் போனேன். கோயம்புத்தூர்ப் பெண். போசரியில் ஜம்புநாதன் என்பவருடைய பட்டறைக்கு, பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் அச்சுகளை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிறவர். பழைய இயந்திரம் சனிக்கிழமை உயிரை விட்டிருந்தது. போகும்போது எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இருபத்தைந்தாவது ஆளை நான் கூட்டிப் போகிறேன் அல்லவா.

கடையில் ருக்கையா இருந்தார். வருஷத்துக்கு இரண்டு தடவைகூட அங்கே வராதவர், அன்று தக்காளிச் சோறு கொண்டுவந்த சாக்கில் காலையிலிருந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வாளியில் ஈரக் குடைகள். மதியம் ஒன்றரை மணி வரை ஒருவரும் வரவில்லை என்பது சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கப்படாமலே இருந்ததில் தெரிந்தது.

அமலா வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். போனில் படத்தைக் காட்டினார். "எனக்கு இந்த போர்டுதான் வேணுமுங்க பாய். நாலஞ்சு வீடியோ பாத்துட்டனுங்க, எல்லாரும் இதத்தான் சொல்றாங்க."

அது இருபது நாள் போர்டு. ஷாகுல் ஹமீது படத்தைப் பார்த்தார். ருக்கையா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். ஒருவரும் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அந்தப் பெண் சீட்டைப் படிக்கக் கூடாதே என்று நான்கூட மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெட்டி மேசைக்கு வந்தது. அமலா படித்துவிட்டார். "இருபது நாளுன்னு எழுதியிருக்குதே, அதென்னங்க பாய்?"

கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிற மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பிறகு உள்ளே போய், அதே வேலைக்கு ஆகக்கூடிய மூன்று நாள் பெட்டியையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். மனைவியிடம் திரும்பினார்.

"ஏளா, நீ சொல்லு. அதுல பாதி ஒன் பயணம். நா மட்டும் முடிவு பண்ணுதது சரியில்ல."

"நா இதுல என்னத்தக் கண்டேன்" என்றார் ருக்கையா. ஆனால் ஸ்டூலை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அமலாவிடம் பேசினார். "நல்ல சாமான்தாம்மா. ஆனா ரிப்பேருன்னா பம்பாய் போயிட்டு வர இருபது நாளு ஆகும். இது மூணு நாளுல இங்கயே ஆயிரும். ஒனக்கு இருபது நாளு மிஷினு இல்லன்னா எப்படி?"

"ஐயோ, முடியாதுங்க்கா. போன வருசம் பத்து நாள் கெட்டுக் கெடந்துச்சு. ஜம்புநாதன் சார் நல்ல மனுசருதான், ஆனா அவருக்கும் ஆர்டர் நிக்குமில்லைங்களா, வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு. திரும்பி எனக்கு வேலை வர நாலு மாசம் ஆச்சுங்க." அமலாவே ஒரு வழியும் திறந்து வைத்தார். "ஆனா எல்லாருக்குமா கெடப் போகுது? எனக்குக் கெடாதுன்னு நெனச்சு இதையே எடுத்துக்கட்டுங்களா?"

ருக்கையாவின் முகம் ஒரு கணம் வாடியது. இல்லை என்று எழுதினால் நான் பொய் சொல்பவன். அப்புறம் ருக்கையா இருபது நாள் பெட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. அத எடு" என்றார் மூன்று நாள் பெட்டியைக் காட்டி. கணவரிடம், தணிந்த குரலில், "மலேசியா அங்கனயேதான் இருக்கும். எங்க ஓடிரப் போவுது" என்றார்.

"மலேசியாவா?" என்று அமலா என்னைப் பார்த்தார். அப்புறம் சொல்கிறேன் என்று கையைக் காட்டினேன்.

காக்கி அட்டையைக் கிழித்து, முத்திரையை வெட்டி, பலகையை வெளியே எடுத்தார் ஷாகுல் ஹமீது. அதன் நடுவில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கிறது. அடியில் மயிரிழை போன்ற ஊசிகள் ஆயிரத்துக்கு மேல். ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. மூடி கழன்ற போர்டை விநியோகஸ்தர் திருப்பி எடுக்கவும் மாட்டார். இத்தனை வருஷத் தொழிலில் அதை அவர் வேறு யாரையும் தொடவிட்டதில்லை. தன் நாற்காலியை விட்டு எழுந்து, ருக்கையாவை அதில் உட்காரச் சொன்னார்.

"கட்டை வெரல இந்த ஓரத்துல வையி. அமுக்காத, மேல பாத்து மெல்லத் தள்ளு. அது தானா எந்திரிக்கும்."

"கெட்டுச்சுன்னா?"

"மூணு நாளுதான், தள்ளு."

அமலா சிரித்துவிட்டார். ருக்கையா குனிந்தார். படிக்கு அடியில் இருந்த அந்த இடத்துக்கு டியூப்லைட் வெளிச்சம் போதவில்லை. ஷாகுல் ஹமீது தன் போனில் விளக்கைப் போட்டு, அவர் விரலுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது கையிலேயே போன் அதிர ஆரம்பித்தது. திரையில் ஜோக்லேக்கர் என்று பெயர் வந்தது. மூடி பாதி எழும்பியிருந்தது. வெளிச்சம் ஆடிவிடாமல் இருக்க, ஷாகுல் ஹமீது இடது கையால் தன் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.