ஆட்டிடம் சொன்ன பேச்சு

தானியக் கிடங்கில் கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் சாக்குக்காரி என்றே கூப்பிட்டார்கள். அவள் வாழ்க்கைப்பட்ட குடும்பத்தில் மூட்டை தூக்காத ஆண்பிள்ளை கிடையாது. மாமனார் தூக்கினார், சின்ன மாமனார் தூக்கினார். சின்ன மாமனாரின் மருமகன் ஒருவன் மூட்டை தூக்க மாட்டேன் என்று வீட்டை விட்டு ஓடிப்போய், கடைசியில் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். அவள் புருஷனும் தூக்கினவன்தான். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

அந்தச் சாவோடு அவளுக்கும் நாத்தனாருக்கும் பேச்சு நின்றது. நாத்தனார் அவனுக்குத் தங்கை. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள், மாவு மில்லில் வேலை பார்த்தாள். "நேரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா எங்கண்ணன் பொழச்சிருப்பான். விடியட்டும், விடியட்டும்னு ஒருத்தி உக்காந்திருந்தா" என்று எழவு வீட்டில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். சாக்குக்காரி பதில் சொல்லவில்லை. பதில் இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துத் தடுத்தவன் அவனேதான். செத்தவன் மேல் பழியைப் போடுவதா என்று வாயை மூடிக்கொண்டாள். மூடின வாய் நாத்தனாரிடம் மட்டும் அப்புறம் திறக்கவே இல்லை.

அவன் விட்டுப் போனது ஒரு பெட்டைச் செம்மறி. தாய் செத்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். பெண்கள் இருவரும் மாற்றி மாற்றிப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார்கள். நடையில் கொஞ்சம் மிடுக்கு இருந்ததால் மகாராணி என்று பேர் வைத்தது அவன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அதைக் கட்டியிருந்தார்கள். சமையலறை சன்னல் கொட்டகையைப் பார்த்த மாதிரி இருக்கும். சாக்குக்காரி அங்கே நின்றுகொண்டு ஆட்டிடம் சொல்வாள்.

"மகாராணி, குழாயில தண்ணி வருது, குடத்தை வைக்கச் சொல்லு உங்க அத்தையை."

"குடம் வச்சாச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு மகாராணி. கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போட்டுக்கச் சொல்லு."

"சாக்கு தைக்கிற ஊசியில இன்னமும் நூல் கோக்கிற கண்ணுதான்னு சொல்லு."

ஆடு அசை போட்டபடி இரண்டு பேரையும் பார்க்கும். இப்படியே காய்கறி, விறகு, வீட்டுக் கூரை, ஒன்றுவிட்ட சித்தி மகளின் கல்யாணம் வரைக்கும் எல்லாம் ஆடு வழியாகவே பேசி முடிவாயின. "அதுக்கு மட்டும் பேச்சு புரிஞ்சா கயித்தை அறுத்துக்கிட்டு ஓடியிருக்கும்" என்பாள் பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரி. சாக்குக்காரி அதைக் கேட்டுச் சிரிப்பாள். ஆனால் இந்த ஆடு இல்லாமல் போனால் அந்த வீட்டில் வாய் திறக்க ஆளே இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

ஒருமுறை மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஆட்டை மேய்க்க முடியவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தகராறு வந்தது.

"நேத்து நான் அறுத்தேன். இன்னிக்கு உங்க அத்தையைப் புல்லு அறுக்கச் சொல்லு."

"மில்லுல எனக்கு நிக்க நேரமில்லைன்னு சொல்லு. உங்கம்மாவுக்கு உக்காந்த இடத்து வேலைதானே."

"அப்போ பட்டினி கிட."

இது ஆட்டுக்குச் சொன்னதா நாத்தனாருக்குச் சொன்னதா என்று சொன்னவளுக்கே தெரியாது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். வீம்புக்காரி ஆட்டைப் பட்டினி போடப் போகிறாள் என்று இவள் நினைத்தாள். அவளும் இவளைப் பற்றி அப்படியே நினைத்தாள்.

கிடங்கில் தரையில் சிந்தின தானியத்தைக் கூட்டி எடுத்துக்கொள்ள விடுவார்கள். எப்போதும் அதில் ஒரு கைப்பிடிதான் புல்லோடு கலந்து வைப்பது. அதிகம் தின்றால் ஆட்டுக்கு ஆகாது என்று இருவருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குப் பசியோடு கிடக்குமே என்று சாக்குக்காரி டப்பா நிறையக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டிவிட்டு, சணல் வாங்கக் கடைக்குப் போனாள். ஆடு துடைத்துவைத்த மாதிரி தின்றது. பின்னாலேயே வந்த நாத்தனார் வெறும் தொட்டியைப் பார்த்தாள். ஒரு வாய் கூட வைக்கவில்லையே பாவி என்று நினைத்துக்கொண்டு, மில்லில் கூட்டி எடுத்த மாவைப் பையோடு கவிழ்த்தாள். ஆடு அதையும் தின்றது.

மறுநாள் காலையில் மகாராணி எழுந்திருக்கவில்லை. இடதுபக்க வயிறு உப்பியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையை விலாவில் மடித்து வைத்திருந்தது. தண்ணீர் வைத்தால் குடித்தது, புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நாத்தனார் அதன் முன்னால் குந்தினாள். "உங்கம்மாகிட்ட சொல்லு மகாராணி. இந்தத் தடவையாவது விடியட்டும்னு உக்கார வேண்டாம்னு."

சாக்குக்காரி கிடங்குக்கு ஓடினாள். சரக்கு வண்டி டிரைவரைக் கையோடு கூட்டிவந்தாள். ஆட்டைச் சாக்கின் மேல் கிடத்தி, நாலு முனையையும் பிடித்து ஏற்றினார்கள். அது அவள் தைத்த சாக்கு.

மாட்டாஸ்பத்திரிக் கதவு சாத்தியிருந்தது. பின்பக்கம் கம்பவுண்டர் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் ஊசி போடற முகாமுக்குப் போயிட்டாரும்மா. வர ரெண்டு நாளாகும்."

"நீங்க பாருங்கய்யா."

"நான் பார்த்தா நல்லா இருக்கற ஆடும் படுத்துக்கும். டவுன்ல தனியா வச்சிருக்கற டாக்டர்கிட்ட போங்க. நாய்க்குத்தான் பார்ப்பார், போய்க் கேளுங்க."

டவுன் டாக்டர் வாசலில் நாய்களும் ஒரு பூனையும் பெஞ்சில் அவர்களுக்கு முன்னால் காத்திருந்தன. டிரைவர்தான் உள்ளே போய்க் கெஞ்சினான். டாக்டர் வண்டிக்கே வந்து ஏறினார். வயிற்றில் கை வைத்து அழுத்தினார், காதுக்குழாயை வைத்துக் கேட்டார், வாயைத் திறந்து பார்த்தார்.

"நேத்து என்ன தின்னுச்சு?"

சாக்குக்காரி நாத்தனாரைப் பார்க்கவில்லை. ஆனால் அவள் மூச்சு விடுவது பக்கத்தில் கேட்டது. தானியம் என்று சொன்னால் புருஷனையும் கொன்றவள், ஆட்டையும் கொன்றவள் என்று ஆகிவிடும்.

"புல்லுதான்" என்றாள்.

"தானியம், மாவு எதையாவது அவுத்துக்கிட்டுப் போய்த் தின்னுச்சா? யோசிச்சுச் சொல்லுங்கம்மா. வைத்தியமே வேற."

"இல்லீங்க" என்றாள் நாத்தனார், முந்திக்கொண்டு. அவள் ஏன் முந்தினாள் என்று சாக்குக்காரிக்கு அப்போது புரியவில்லை. தன்னைக் காப்பாற்றத்தான் சொன்னாளோ என்று ஒரு நிமிஷம் நினைத்து நெஞ்சு இளகினாள்.

டாக்டர் காற்று இறங்க மருந்து புகட்டினார், ஊசி போட்டார். சரியாகாவிட்டால் சொல்லி அனுப்பச் சொன்னார்.

சரியாகவில்லை. அடுத்த நாள் காலையில் கொட்டகை முழுக்கத் தண்ணீராகக் கழிந்திருந்தது. சாக்குக்காரி துடைப்பத்தோடு குனிந்தாள். கழிச்சலில் முழுத் தானியம் கிடந்தது. தானியத்தைச் சுற்றிலும் வெள்ளையாக, பசை மாதிரி மாவு. நிமிர்ந்தாள். நாத்தனார் கொட்டகை வாசலில் நின்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'சொல்லு மகாராணி' என்று ஏவ வழியில்லை, ஆடு தலையைத் தூக்கவில்லை.

டிரைவர் போய் டாக்டரைக் கூட்டிவந்தான். அவர் கேட்பதற்கு முன்னாலேயே சாக்குக்காரி சொன்னாள். "தானியம் வச்சேன் சார். டப்பா நிறைய."

"நானும் மாவு வச்சேன்" என்றாள் நாத்தனார். பிறகு முகத்தைத் திருப்பி, "நீங்க வச்சது எனக்குத் தெரியாது அண்ணி" என்றாள்.

ஆண்டுக்கணக்கில் கேட்காத அண்ணி அது.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நேத்து சொல்லியிருந்தா வயித்தைத் திறந்து எடுத்திருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். குழாயை விட்டுச் சோடா உப்புத் தண்ணீர் ஊற்றினார். கழுத்து நரம்பில் மருந்து ஏற்றினார். மருந்துப் பாட்டிலை நாத்தனார் தூக்கிப் பிடித்திருந்தாள். தலையைச் சாக்குக்காரி மடியில் வைத்திருந்தாள். உச்சி வெயில் வருவதற்குள் மடி கனத்துப்போயிற்று. டாக்டர் பாட்டிலைக் கீழே இறக்கச் சொன்னார்.

அவர் போனபிறகும் இருவரும் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிவிட வேண்டும் என்று சாக்குக்காரிக்குத் தோன்றியது. இனி ஆட்டிடம் சொல்ல முடியாது.

"உங்கண்ணன்தான் ஆஸ்பத்திரி வேண்டாம்னான். என் கையைப் பிடிச்சுக்கிட்டான்."

நாத்தனார் மருந்துக் குழாயை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும் அண்ணி. நீங்க அடுப்படிக்குப் போனப்போ என் கையையும் பிடிச்சான்."

தனக்குக் கோபம் வரும் என்று சாக்குக்காரி பார்த்தாள். வரவில்லை. மடியில் ஒட்டியிருந்த ரோமத்தை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டைக் கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் புதைத்தார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் நேருக்கு நேர்தான் பேச்சு. இஸ்திரிக்காரி, "ரெண்டு பேரும் ராசியாகிட்டாங்க, ஆனா வீட்டுல சத்தமே இல்லை" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சாக்குக்காரி கிடங்கிலிருந்து வெறும் கையோடு வருவாள், நாத்தனார் மில்லிலிருந்து வெறும் கையோடு வருவாள். சாப்பிடுவார்கள். விளக்கை அணைப்பதற்கு முன்னால் நாத்தனார் கேட்பாள்.

"கதவைப் பூட்டிட்டீங்களா அண்ணி?"

"பூட்டிட்டேன்."

அவ்வளவுதான் அன்றைய பேச்சு.