ஈரம் சொன்ன கோல்

வண்டியைப் பின்னால் எடுத்தபோது, சுவர் நெருங்க நெருங்க அதன் பீப் ஒலி வேகமெடுத்தது. எனக்கு வேலந்தாவளத்தில் நாங்கள் நிலக்கடலை போட்டிருந்த காடு நினைவுக்கு வந்துவிட்டது.

எழுபதுகளில் ஒரு கோடையில் அப்பாவுக்குக் கண்பார்வை முழுதாகப் போய்விட்டது. காட்டைக் குத்தகைக்கு விட்டுவிடும்படி எல்லோரும் சொன்னார்கள். அப்பாவும் மனசில்லாமல் தலையாட்டினார். அருகிலிருந்த சித்தூரில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த என் அக்கா சரசுதான், "பத்து நாள் பொறுங்கப்பா" என்றாள்.

பழைய ரேடியோவைப் பிரித்து, அதன் ஸ்பீக்கரையும் டிரான்சிஸ்டர்களையும் எடுத்து ஒரு மூங்கில் கோலில் பொருத்தினாள். கோலின் நுனியில் இரண்டு நீள ஆணிகள், பிடியில் பேட்டரி. காய்ந்த மண்ணில் ஊன்றினால் அது கொர்ரென்று முனகும். ஈர மண்ணில் கீச்சென்று கத்தும். அப்பா அதன் குரலை இரண்டே நாளில் பழகிக்கொண்டார்.

ஒருநாள் பக்கத்துக் காட்டுப் பழனிச்சாமி மாமா எங்களுக்காகத் தண்ணீர் கட்டிவிட்டு, "எல்லாம் பாஞ்சிருச்சுங்க" என்றார். அப்பா கோலை ஊன்றி ஊன்றி நடந்தார். மேற்கு மூலையில் கோல் முனகியது.

"இங்க பாயலீங்க."

மாமா விரலால் தோண்டிப் பார்த்தார். மேலே நனைந்திருந்த மண், அடியில் புழுதியாக இருந்தது.

"ஏனுங்க, எனக்கும் ஒண்ணு செஞ்சு தரச் சொல்றீங்களா?"

"செஞ்சது அவ. அவளையே கேளுங்க" என்றார் அப்பா. அவர் அப்படி நெஞ்சு நிமிர்ந்து நின்று பல மாதங்கள் ஆகியிருந்தன. குத்தகைப் பேச்சு அதோடு நின்றது.

வண்டியை அணைத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் இருந்த என் பேத்தியின் பக்கம் திரும்பினேன். என் அக்கா யாரென்று அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன்.