கொஞ்சம் காலைத் தூக்குங்க

அந்தத் தெருவில் அவளுக்குப் புயல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. "புயல் வந்தாச்சா?" "புயல் இன்னைக்கு லீவாம்!" என்று வீட்டுக்கு வீடு வானிலை அறிக்கை வாசிப்பார்கள். அவள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் நாற்காலிகள் மேசை மேல் ஏறிக்கொள்ளும், ஜன்னல்கள் படார் படாரென்று திறக்கும், தூங்குகிற ஆள் போர்வையோடு சேர்த்து உதறப்படாமல் தப்பித்தால் அது அவன் அதிர்ஷ்டம். கூட்டித் துடைத்து, குளியலறையைத் தேய்த்துவிட்டு அவள் வெளியே போன பிறகுதான் வீட்டுக்காரர்களுக்கு மூச்சே வரும்.

யாருக்கும் பயப்படாத வாய் அது. பேங்க் மேனேஜர் சோஃபாவில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். இவள் மாப்பை நீட்டிக்கொண்டு வந்து, "கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்பாள். ஒரு ஆபீஸையே ஆட்டிப்படைக்கிற மனுஷன், குழந்தை மாதிரி இரண்டு காலையும் தூக்கிக்கொள்வார். அந்த ஒரு வார்த்தைக்கு மறுபேச்சுப் பேசிய ஆள் இதுவரை பிறக்கவில்லை.

இவ்வளவு கெட்டிக்காரியின் சொந்த வீடு எப்படி இருக்கும்? சொல்லவே வாய் கூசுகிறது. குப்பைமேடு என்று சொன்னால் குப்பைமேட்டுக்குக் கோபம் வரும். இருந்ததே இரண்டு அறை. ஒன்றில் அவளும் வீட்டுக்காரரும் இருந்தார்கள். இன்னொன்றில் அவர் சேர்த்த சாமான்கள் இருந்தன. வீட்டுக்காரர் பஸ் டிரைவர், தங்கமான மனிதர். எதையும் தூக்கியெறிய மனசு வராது, அதுதான் ஒரே குறை. ஓடாத மின்விசிறி, கைப்பிடி போன குடை, மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி. கேட்டால் "என்னைக்காவது உதவும்" என்பார். சரி, அவளாவது ஒழுங்கு பண்ணக் கூடாதா என்றால், நாள் முழுக்க ஊரார் வீட்டைத் துடைத்துவிட்டு வந்தவளுக்குத் தன் வீட்டுத் துடைப்பத்தைப் பார்த்தாலே அழுகை வந்தது. "சம்பளம் குடுங்க, துடைக்கிறேன்" என்று காலை நீட்டிப் படுத்துவிடுவாள். குடும்பம் சந்தோஷமாகத்தான் நடந்தது. விருந்தாளி என்று ஒருத்தரையும் உள்ளே விட்டதில்லை, அவ்வளவுதான்.

வம்பு முழங்காலில் ஆரம்பித்தது. குத்தவைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. கட்டிலுக்கு அடியில் துடைக்கக் குனிந்தால், பேசாமல் அங்கேயே குடியிருந்துவிடலாமா என்று தோன்றியது. அவள் வேலை பார்க்கிற வீடுகளில் ஒன்று பல் டாக்டரம்மாவுடையது. அவர் இதைக் கவனித்துவிட்டு ஒரு நாள் கூப்பிட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு மேடம், வீடு ஆபீஸெல்லாம் சுத்தம் பண்ண ஆள் அனுப்புற கம்பெனி வெச்சிருக்காங்க. சூப்பர்வைசர் வேணுமாம். நீங்க துடைக்க வேண்டாம், துடைக்கிறவங்களைப் பார்த்துக்கிட்டா போதும். உங்களைப் பத்திச் சொல்லிட்டேன்."

புயலுக்குக் கால் தரையில் பாவவில்லை. "டாக்டரம்மா, நீங்க நல்லா இருக்கணும்! எப்ப போய்ப் பார்க்கணும்?"

"நீங்க போக வேண்டாம், அவங்களே வருவாங்க. சர்டிஃபிகேட்டெல்லாம் கேக்க மாட்டாங்க. வேலைக்கு எடுக்கிற ஆளோட வீட்டை ஒரு தடவை நேர்ல பார்ப்பாங்க, அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்றாங்களாம்."

டாக்டரம்மா மருந்தே போடாமல் பல்லைப் பிடுங்கியிருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது.

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னாள். இருவரும் உட்கார்ந்தபடியே வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவள் ஒருத்தியால் அதை நிமிர்த்த முடியாது. வீட்டுக்காரர் உதவிக்கு வந்தால் இருக்கிற குப்பையோடு இன்னும் நாலு சேரும்.

"ஆள் வெச்சுடலாம்," என்றாள் புயல்.

"உனக்கேவா?"

"எனக்கேதான். மெதுவாப் பேசுங்க."

மெதுவாகத்தான் பேச வேண்டியிருந்தது. புயல் தன் வீட்டைக் கூட்ட ஆள் வைத்தாள் என்று தெரிந்தால் தெருவே கைகொட்டிச் சிரிக்கும், மானம் கப்பலேறிவிடும். அதனால் உள்ளூர்ப் பெண்கள் ஒருத்தரிடமும் மூச்சு விடாமல், இஸ்திரிக் கடைக்காரரைத் தனியாக ஓரங்கட்டிக் கேட்டாள். அவர், தூரத்தில் இருக்கிற ஒரு பெண்ணை ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்பி வைப்பதாகச் சொன்னார். "அவளுக்கு உங்களையும் தெரியாது, உங்க வீட்டையும் தெரியாது."

"வீட்டைத் தெரிஞ்சா வர மாட்டா. நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து பார்த்தால், மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து குனிந்து கூட்டிக்கொண்டிருக்கிறாள்.

"கூட்டத்தானே ஆள் வர்றா? நீ எதுக்குக் கூட்டுற?"

"முதல் தடவையா வர்றா. பார்த்துட்டு என்ன நினைப்பா?"

வேலை செய்கிற வீடுகளில் அந்த அம்மாக்கள் இப்படி முன்கூட்டியே அவசரமாக அள்ளி மறைத்து வைப்பதைப் பார்த்து, "நான் வர்றதுக்குள்ள பாதி வேலையை முடிச்சுடறாங்க, பைத்தியங்க!" என்று எத்தனையோ தடவை கிண்டலடித்தவள் இவள்தான். அதை ஞாபகப்படுத்தலாம் என்று வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவள் கையில் துடைப்பம் இருந்ததால் மூடிக்கொண்டார்.

அப்போது கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டுத் திறந்தாள். வாசலில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். சாதாரண உடை, காலில் ரப்பர் செருப்பு, தோளில் துணிப்பை.

"இது வந்து..." என்று ஆரம்பித்தாள் வந்தவள்.

"இதேதான், இதேதான்! உள்ள வாம்மா. வாசல்ல நிக்காதே, யாராவது பார்த்துடப் போறாங்க."

பையைப் பிடுங்கி ஆணியில் மாட்டி, கையில் துடைப்பத்தைத் திணித்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டாள்.

உங்களுக்குப் புரிந்துவிட்டது. புயலுக்குப் புரியவில்லை. பாவம், அவள் மனசில் கம்பெனி மேடம் என்றால் காரில் வருவார், குதிகால் உயர்ந்த செருப்பு போட்டிருப்பார், உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வார். முக்கியமாக, சாயங்காலம் வருவார். சொன்ன நேரத்துக்குப் போனால் எந்த வீடும் சுத்தமாகத்தான் இருக்கும் என்பதற்காகவே காலையில் வந்து நிற்கிற ஆள் அவர் என்று இவள் கனவா கண்டாள்?

வந்தவள் துடைப்பத்தைப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள். புயலைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவளுக்கு உதட்டோரம் லேசாகத் துடித்தது. புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு கூட்ட ஆரம்பித்தாள்.

"ஐயையோ, எடுத்த உடனே தரையா? மேல இருந்து வாம்மா. முதல்ல ஒட்டடை. அப்புறம் அலமாரி. தரை கடைசியில."

"சரிங்க."

"அந்த மூலையை விட்டுட்டியே."

"கூட்டினேங்க."

"கூட்டினது தெரியுது. அழுக்கு அங்கேயே இருக்கிறதும் தெரியுதே. இன்னொரு தடவை."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள் புயல். அடுத்த அறையில் வீட்டுக்காரர் சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டு போய், ஒவ்வொன்றாகப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டு வந்துகொண்டிருந்தார். வந்தவள் அந்தக் கைப்பிடி போன குடையைத் தூக்கிக் காட்டினாள்.

"இதைப் போட்டுடலாமா?"

"வேண்டாம்மா. என்னைக்காவது உதவும்."

"என்னைக்கு?"

அவரை யாரும் இப்படிக் கேட்டதே இல்லை. குடையைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு தானே போய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். புயல் மூக்கின் மேல் விரலை வைத்தாள்.

"நீ வேலைக்காரிதான்ம்மா, ஒத்துக்கிறேன். ஆனா அந்த மூலை இன்னும் சரியா வரலை."

மூலையை மறுபடி தேய்த்துக்கொண்டே வந்தவள் கேட்டாள்: "இவ்வளவு தெரிஞ்சவங்க, வீட்டை ஏன் இப்படி விட்டுட்டீங்க?"

"ஊரார் வீட்டுலயே உயிர் போயிடுதும்மா. இப்ப முழங்காலும் போச்சு. சாயங்காலம் ஒரு கம்பெனிக்காரம்மா வர்றா. வீட்டைப் பார்த்துதான் ஆள் எடுப்பாளாம். அதென்ன பழக்கமோ! சமையல்காரன் வயித்தைப் பார்த்தா சமையல் தெரிஞ்சுடுமா?"

வந்தவளுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"தண்ணி குடிம்மா. தூசி." தம்ளரை நீட்டிய புயலின் குரல் கொஞ்சம் இறங்கியது. "இந்த வேலை கிடைச்சா பொழைச்சேன். இல்லேன்னா என்ன பண்ணுவேன்னு தெரியலை. எனக்குத் துடைக்க மட்டும்தான் தெரியும், அதுக்கும் இனிமே குனிய முடியாது."

வந்தவள் தண்ணீரைக் குடித்தாள். அப்புறம் மாப்பை எடுத்து வாளியில் முக்கி, இறுகப் பிழிந்தாள்.

"நீங்க போய் அந்த நாற்காலியில உட்காருங்க."

புயல் உட்கார்ந்தாள். வந்தவள் சுவரோரமாக ஆரம்பித்துப் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து நாற்காலி வரைக்கும் துடைத்துக்கொண்டு வந்தாள். நிமிராமலே சொன்னாள்: "கொஞ்சம் காலைத் தூக்குங்க."

புயல் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"உங்களைத்தாங்க. காலை."

தூக்கினாள். இரண்டு கால்களும் அந்தரத்தில் நின்றன. கீழே ஈர மாப் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. அவள் வீட்டுத் தரை அது, வேறு ஒருத்தி துடைக்கிறாள், இவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். முதலில் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்புறம் இரண்டும் சேர்ந்து வந்தன. காலை மட்டும் கீழே வைக்கவில்லை.

"என்னாச்சு புயலு?" என்று வீட்டுக்காரர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஒண்ணுமில்லை. நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு. இத்தனை வருஷமா நான் எல்லாருக்கும் இவ்வளவு நல்லது பண்ணியிருக்கேன், எனக்கே தெரியலை பாருங்க!"

மறுபடி கதவு தட்டுகிற சத்தம். வீட்டுக்காரர்தான் போய்த் திறந்தார். ஒரு பெண் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள்.

"இஸ்திரிக் கடை அண்ணன் அனுப்பினாருங்க. பஸ் மாறி ஏறிட்டேன், லேட்டாயிடுச்சு. வீடு சுத்தம் பண்ணணும்னாரே, இங்கதானே?"

வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். மாப் பிடித்திருந்தவளைப் பார்த்தார். புயலின் கால்கள் மெதுவாகத் தரைக்கு இறங்கின.

"அப்ப... நீ... நீங்க?"

"சாயங்காலம் வர்றேன்னு சொல்லியிருந்தேன்," என்றார் மேடம். "காலையிலேயே வந்துட்டேன்."

புயல் எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். "மேடம், நான் உங்களை வா போன்னு..."

"மூலையைத் திரும்பத் தேய்க்கச் சொன்னே."

"சொன்னேன்."

"ரெண்டு தடவை."

"மூணு," என்றார் வீட்டுக்காரர், உதவுவதாக நினைத்துக்கொண்டு.

எல்லாம் போயிற்று என்று புயலுக்குத் தெரிந்துவிட்டது. வேலை போயிற்று, மானம் போயிற்று, முழங்கால் ஏற்கெனவே போயிற்று. இனிப் பூசி மெழுகி என்ன ஆகப் போகிறது? தலையை நிமிர்த்தினாள்.

"என்ன வேணா சொல்லுங்க மேடம். ஆனா அந்த மூலை அழுக்காத்தான் இருந்துச்சு."

மேடம் மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய் மூலையைக் குனிந்து பார்த்தார்.

"இருந்துச்சு," என்றார். "மாப்பைப் பிடிச்சுத்தான் நானும் மேல வந்தேன். கம்பெனி வெச்ச நாள்ல இருந்து என் வேலையை ஒருத்தி அழுக்குன்னு சொல்லிக் கேட்டதில்லை. எல்லாரும் நல்லா இருக்கு மேடம், நல்லா இருக்கு மேடம்னுதான் சொல்றாங்க. எனக்கே நான் ஒழுங்காத் துடைக்கிறேனான்னு மறந்து போச்சு." இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். "நாளைக்குக் காலையில ஆபீஸுக்கு வந்துடு."

"மேடம்! அப்ப வீடு?"

"வீடு படுமோசம். வந்து உட்காரு, எனக்கு இடுப்பு போச்சு."

புயல் கட்டிலில் அவர் பக்கத்தில் போய் விழாத குறையாக உட்கார்ந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவ்வளவுதான், சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. நிறுத்த முடியவில்லை. மேடம் புயலின் தோளில் அடித்து அடித்துச் சிரித்தார்.

புதிதாக வந்த பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, வேலையைப் பார்ப்போம் என்று மாப்பை எடுத்துப் பிழிந்து, கட்டில் வரைக்கும் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கொஞ்சம் காலைத் தூக்குங்க."

கட்டிலில் இருந்த நாலு கால்களும் ஒன்றாக மேலே போயின. கதவோரம் நின்றுகொண்டிருந்த வீட்டுக்காரரும், எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு காலைத் தூக்கிக்கொண்டார்.