பாசியில் அடுப்பெரித்த இராஜாமணி

சோதனைக்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவரைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இராஜாமணியின் தம்பி. நெற்குப்பையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். "அக்கா நேத்துச் சாயங்காலம் தவறிருச்சு சார். ஒரு எட்டு வந்துட்டுப் போவீகளா?" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. காரைக்குடிக்கும் சிவகங்கை ஆஸ்பத்திரிக்குமாக அலைந்ததில் எல்லோருமே களைத்துப்போயிருந்தோம். எங்களைவிட இராஜாமணிதான் அதிகம் களைத்திருந்தார்.

எங்கள் கல்லூரியில் அவர் தாவரவியல் ஆசிரியை, நான் வேதியியல். பெட்ரோல் விலை ஏறி, மண்ணெண்ணெய்க்கு ஊரே வரிசையில் நின்ற காலம் அது. ஒருநாள் வெறும் டின்னோடு திரும்பியவர் நேரே என் அறைக்கு வந்தார். "சார், ஊருணியில மிதக்குற பச்சைய காத்துப் புகாம அழுக வச்சா எரியிற வாயு வருமே. செஞ்சு பாப்பமா?" கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்பாசி அது. வெயிலும் தண்ணீரும் கொஞ்சம் சாணக் கரைசலும் இருந்தால் பெருகிக்கொண்டே போகும். கல்லூரிக்குப் பின்னால் சிமென்டுத் தொட்டிகள் கட்டினோம். தச்சு வேலை செய்யும் அவர் தம்பி, கலக்குவதற்கு மரத்துடுப்பு செய்து தந்தார். பாசியை வடித்து, மூடிய இரும்பு டிரம்மில் ஊறவிட்டோம். குழாய் முனையில் முதல்முறை நீலச் சுடர் நின்றபோது நான் கத்தியே விட்டேன். அவர், "அணையுறதுக்குள்ள டீ போட்டுருவோம் சார்" என்று பாத்திரத்தைத் தூக்கி வைத்தார்.

சென்னையிலிருந்து ஓர் அதிகாரி பார்க்க வந்தார். "இதை வைத்து எத்தனை ஊருக்கு அடுப்பெரிக்கலாம்?" என்று கேட்டார். கொஞ்சம் பெரிதாகச் சொல்லியிருந்தால் அரசு உதவி கிடைத்திருக்கும். நான் ஜாடைகூடக் காட்டினேன். "இப்போதைக்கு எங்க ரெண்டு பேருக்கும் டீ போடலாங்க" என்றார் அவர். அதிகாரி சிரித்துக்கொண்டே காரில் ஏறிப் போனார். பிறகு வரவேயில்லை. நான் கோபித்துக்கொண்டபோது, "நடக்காததச் சொன்னா, நாளைக்கு நெசமாவே நடந்தாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாக சார்" என்றார்.

மறு வருடம் மழை இல்லை. வெயிலில் வற்றுவதை ஈடுகட்ட, கல்லூரிக் கிணற்றில் இறைத்துத்தான் தொட்டிகளில் ஊற்றிக்கொண்டிருந்தோம். ஒரு காலையில் பக்கத்துத் தெருப் பெண்கள் குடங்களோடு வந்து நின்றார்கள். "டீச்சரம்மா, எங்க பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணியில்ல. நீங்க இங்குட்டுப் பாசிக்கு ஊத்துறீக. ஞாயமா இருக்கா?" என்றாள் ஒருத்தி. இராஜாமணி கையிலிருந்த வாளியைக் கயிற்றோடு அவளிடம் கொடுத்தார். "எறச்சுக்கங்க. நீங்க கேக்குற வரைக்கும் நான் விட்டிருக்கக் கூடாது."

தொட்டிகள் மஞ்சளித்து, வெளுத்து, பாசி அடியில் செதிலாக ஒட்டிக்கொண்டது. மற்றப் பாசிகளிலிருந்து அந்த வகையைப் பிரித்தெடுக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். சுரண்டியாவது வைப்போம் என்றேன். "விடுங்க சார், அசதியா இருக்கு." அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

மழை வந்ததும் மறுபடி தொடங்கினோம். இந்தமுறை பாசியைத் தின்னும் நுண்ணிய பூச்சிகள் பெருகிவிட்டன. அதற்குள் மண்ணெண்ணெயும் தாராளமாகக் கிடைத்தது. தொட்டிகளை இடித்துவிட்டு அங்கே சைக்கிள் நிறுத்தக் கல்லூரி நிர்வாகம் சொல்லிவிட்டது. அவரும் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில், "நாம ஜெயிச்சமா தோத்தமா சார்?" என்று கேட்டார். "எரிஞ்சுச்சு மேடம்" என்றேன். "ஆமா, எரிஞ்சுச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவருடைய அறையைக் காலி செய்தபோது, ஜன்னலோரம் ஒரு கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் பாசி இன்னும் பச்சையாக இருந்தது. எடுத்து வந்துவிட்டேன். வெயில் படும்படி வைத்து, தினமும் காலையில் ஒருமுறை குலுக்கிவிடுகிறேன். இதிலிருந்து எவர் வீட்டிலாவது சோறு பொங்குமா என்று பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொல்கிறேன். இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு, அது யாரிடம் கற்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.