வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் ஆரம்பித்த படம்

இன்று சாயங்காலம், எங்கள் வீட்டு ஹாலில்...

இருங்கள், முதலில் அந்தக் கேம் பெட்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருகிறேன்!

என் பையன் துப்பாக்கி விளையாட்டு விளையாட வாங்கிய பெட்டி அது. எவ்வளவு திட்டியிருப்பேன்! நான் விளக்கேற்றும் நேரம் பார்த்துத்தான் டமால் டுமீல் சத்தம் வரும். (மாடத்து முருகன் வேலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்ப்பார்.)

எங்கள் டிவி பழசு. இன்டர்நெட் எல்லாம் அதற்குத் தெரியாது. ஆனால் இந்தப் பெட்டியை மாட்டினால் உள்ளே ஒரு கடையே இருக்கிறது! படத்தைத் தேடி எடுத்து வாடகை கட்டினால் நம் டிவியிலேயே ஓடுகிறது. திருப்பிக் கொடுக்க யாரும் கடைக்கு ஓட வேண்டாம்.

இதைச் சொன்னது என் மருமகள் சுபா. சொன்னது என் வீட்டுக்காரருக்காக.

அவர் கோடம்பாக்கத்தில் லைட்மேனாக இருந்தவர். முட்டி தேய்ந்து வீட்டில் உட்காருவதற்கு முன் வேலை செய்த கடைசிப் படத்தில், வேலை செய்த எல்லோர் பெயரும் கடைசியில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். (படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஹீரோ யாரென்று தெரிந்தால் கமென்ட்டில் அடித்துக்கொள்வீர்கள்!)

தியேட்டருக்குப் போனோம். கதை முடிந்ததும் எல்லோரும் எழுந்து முன்னால் நின்றுகொண்டார்கள். அவர்கள் நகர்வதற்குள் திரையை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு டிவியில் போட்டார்கள். கதை முடிந்த உடனே விளம்பரம்!

என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், ராயப்பேட்டையில் இருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்தாலே தம்பியிடம் இதே கேள்விதான்.

"சினிமா சினிமான்னு ஓடிக்கினு இருந்தியே ஏழுமலை, உன் பேரு எங்கனா வந்துச்சா?"

அவர் சிரித்துவிடுவார். ஆனால் அன்றைக்கு ராத்திரி சாப்பாடு சரியாக இறங்காது. எனக்குத் தெரியும்.

அண்ணி ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்றதும், வெள்ளிக்கிழமை காலையிலேயே சுபா அந்தப் படத்தை வாடகைக்கு எடுத்துவிட்டாள்.

"எடுத்து வெச்சாச்சு அத்தை. பெரியம்மா வந்ததும் போட்டுக்கலாம்."

எடுத்து வைத்தால் போதுமா? நல்ல காரியத்தை நல்ல நேரத்தில் தொடங்க வேண்டாமா? ஞாயிறு சாயங்காலம் ராகு காலம் வேறு!

வெள்ளிக்கிழமை சாயங்காலமே காலண்டரில் நல்ல நேரம் பார்த்தேன். சுபா ஆபீஸில் இருந்தாள். அந்த இரண்டு கொம்பு வைத்த ரிமோட்டை நானே எடுத்து, பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, ப்ளே அமுக்கினேன். கம்பெனிப் பெயர் வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு நிறுத்திவிட்டேன்.

ஊருக்குக் கிளம்புமுன் பையை மட்டும் நல்ல நேரத்தில் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்போமே, அதே மாதிரி!

இன்று அண்ணி வந்தார். காபி ஆயிற்று. ராகு காலம் முடிந்ததும் ஆறு மணிக்கு மேல் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தோம். ரெடியாக இருக்கட்டுமே என்று சுபா பெட்டியைப் போட்டாள்.

"ஐயோ அத்தை! இதை யாரு ஆரம்பிச்சது?"

"நான்தாம்மா. வெள்ளிக்கிழம, நல்ல நேரத்துல..."

"தொடாம வெச்சிருந்தா ஒரு மாசம் இருக்கும் அத்தை! ப்ளே பண்ணா அதுலேர்ந்து ரெண்டே நாள்தான்! இன்னும் பத்து நிமிஷத்துல போயிடும்!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வீட்டுக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"உடுமா. நமக்குக் குடுப்பினை இல்ல."

"மறுபடி எடுத்துடலாம் மாமா!"

"வாணாம்மா. தியேட்டர்ல பாத்தாச்சு, டிவில பாத்தாச்சு. போதும்."

அவர் இன்று உள்ளே போய்விட்டால் இனி இந்தப் படத்துக்கு முன்னால் வந்து உட்காரவே மாட்டார்.

"கடைசிய மட்டுமாவது ஓட்டிப் பாரு சுபா" என்றேன். வாய் சும்மா இருக்கிறதா? "ஆனா ராகு காலமாச்சே..." என்றும் சொல்லிவிட்டேன்.

அண்ணி காபி டம்ளரை நங்கென்று வைத்தார்.

"இன்னா சாந்தி ராகு காலம்? நீதான் வெள்ளிக்கிழமையே ஆரம்பிச்சிட்டியே! பாதில கீற படத்துக்கு இன்னாத்துக்கு நேரம் பாக்குற? நீ ஓட்டு சுபா! டேய் ஏழுமலை, உக்காருடா!"

சுபா ஓட்டினாள். சண்டை, பாட்டு, கல்யாணம் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் போயிற்று. பெயர்கள் வந்தன. எறும்புச் சாரை மாதிரி பொடிப்பொடியாக!

"மெதுவா, மெதுவா!" என்று கத்தினேன். மெதுவாகப் போயிற்று! (தியேட்டரில் இப்படிக் கத்தினால் நம்மைத்தான் வெளியே அனுப்புவார்கள்.)

மேக்கப் போயிற்று. டிரைவர்கள் போனார்கள். சமையல்காரர்கள் போனார்கள். லைட்மென் என்று வந்தது.

"நிறுத்து!"

ஒரே பட்டன்தான். அப்படியே நின்றது.

கோ. ஏழுமலை.

அண்ணி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"டேய்... நைனாவோட எழுத்தும் சேத்துப் போட்டுக்கீறாங்கடா!"

அவர்களுடைய அப்பா, என் மாமனார் கோவிந்தசாமி. கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து படம் பார்த்த மனுஷன். அவரும் வந்துவிட்டார், அந்த ஒரு 'கோ'வில்.

அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். என் வீட்டுக்காரர் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"அந்த டியூப்லைட்ட அணைம்மா. ஸ்கிரீன்ல அடிக்குது."

அணைத்தேன். இருட்டில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை. (பார்த்தேன்.)

சுபா போட்டோ எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் நேரம் முடிந்தது என்று பெட்டி சொல்லிவிட்டது. சொல்லட்டும்!

அண்ணி கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்: "அந்த போட்டோவ எனக்கு அனுப்பு சாந்தி. எங்க தெருவுல எல்லாருக்கும் காட்டணும். அப்டியே படத்த இன்னொரு வாட்டி வாடகைக்கு எடு, கத இன்னான்னே தெரில!"

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தியேட்டரில் கதை முடிந்ததும் எழுந்து நின்று மறைக்காமல் கொஞ்ச நேரம் உட்காருங்களேன்! உங்கள் பின்னால் ஒரு லைட்மேன் தன் பெண்டாட்டியோடு உட்கார்ந்திருக்கலாம்.