பினாங்கிலிருந்த வீட்டுக்காரர்

போன வாரம் திண்டிவனம் பைபாஸில் ஓர் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தேன். சாம்பார் ஊற்றக் குனிந்த பெண்ணின் யூனிபாரச் சட்டைக்குள்ளிருந்து மஞ்சள் கயிறு எட்டிப் பார்த்தது. ஈர மஞ்சள் வாசனை. "வீட்டுக்காரர் என்னம்மா பண்றாரு?" என்று கேட்க வாயெடுத்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் விழுப்புரத்தில் பார்சல் கிளார்க்காக எனக்கு முதல் வேலை. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மிலிட்டரி ஓட்டல். காலையிலேயே ஆட்டுக்கால் குழம்பு வாசனையும் கரி எஞ்சின் புகையும் கலந்து வரும். இன்றைக்கும் எங்கேயாவது நிலக்கரிப் புகை வந்தால் எனக்குப் பசிக்கிறது. அங்கே பரிமாறியவள் கெடாரைச் சேர்ந்த அஞ்சலை அக்கா. முப்பது வயதிருக்கும். ஓட்டலில் பெண் பரிமாறுவது அப்போது அபூர்வம், அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும். இன்னும் கொஞ்சம் ஊத்து, இன்னும் கொஞ்சம் ஊத்து என்று மூன்று தடவை குனிய வைப்பார்கள். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் யாரும் அவள் கையைத் தொட்டதில்லை. தாலிக் கயிற்றை ரவிக்கைக்கு வெளியே தெரிகிற மாதிரி போட்டிருப்பாள். வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் பூசிப் பளிச்சென்றிருக்கும். "வீட்டுக்காரரு எங்க?" என்று எவனாவது இளித்தால், "பினாங்குல இருக்காரு. தையில வர்றாரு" என்பாள். எத்தனை தை போனதென்று யாரும் கேட்கவில்லை. அந்த மனிதர் வந்தால் ஒரு டார்ச் லைட் கேட்டு வாங்கலாமென்று நான்கூட நினைத்திருந்தேன்.

என் தங்கையைக் கெடாரில்தான் கட்டிக் கொடுத்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்த்துவிட்டு பஸ் ஏறும்போது பேச்சுவாக்கில் அஞ்சலை அக்காவைப் பற்றிச் சொன்னேன். பஸ் நகர்ந்துவிட்டது. தங்கை கீழேயிருந்து கத்தினாள்: "அந்த அஞ்சலையா? அவ புருசன் செத்துட்டாருண்ணே."

வழியெல்லாம் எனக்கு மனசு ஆறவில்லை. பினாங்கிலிருந்து ஊருக்குச் சேதி வந்திருக்கிறது, பாவம், இவளிடம் யாரும் சொல்லவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மறுநாள் காலை, கடை நிறையக் கூட்டம். எழுந்து நின்று, எழவு வீட்டுக் குரலில், "அக்கா, மனச தேத்திக்கணும். ஒங்க வீட்டுக்காரரு தவறிட்டாராம். ஊர்ல சொன்னாங்க" என்றேன்.

அக்கா அழவில்லை. குழம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையால் கயிற்றை மூடிக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லாருக்கும்தான் புரிந்தது. மரக்கடைக்காரர் ஒருவர், "அறுத்தவ கையாலயா இத்தினி நாளு தின்னுக்கினு இருந்தோம்?" என்று இலையைத் தள்ளினார்.

மறுநாள் அவள் வெறுங்கழுத்தோடு வந்தாள். முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் அதே மரக்கடைக்காரர். குழம்பு ஊற்றிய கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரு வாரத்துக்குள் ஆளாளுக்குப் பிடித்தார்கள். கடைசியில் ஒருவன் கன்னத்தில் அவள் கரண்டியால் போட்டாள். முதலாளி அன்றைக்கே, "நாளையிலேருந்து வராத" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வாரமும் நானும் அங்கேதான் சாப்பிட்டேன். எவனையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் கிளம்புகிற நேரத்தில் பின்பக்கக் குழாயடிக்குப் போய், "மன்னிச்சுக்குங்கக்கா" என்றேன். கை கழுவிக்கொண்டே பேசினாள்.

"ஏழு வருசமாச்சு தம்பி அவரு செத்து. கரும்புக் காட்டுல பாம்பு கடிச்சுது. பினாங்கெல்லாம் அவரு பாத்ததே இல்ல." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "இருந்தப்பவும் அவரு எனக்குத் தொணையா நின்னதில்ல. அந்தக் கயிறுதான் நின்னுது. அதப் போய் அறுத்துட்டீங்களே" என்றாள்.

அதற்கப்புறம் வளவனூர், திண்டிவனம் என்று எங்கே போனாலும் ஓட்டல்களுக்குள் எட்டிப் பார்ப்பேன். அவள் கண்ணில் படவேயில்லை. அந்த மிலிட்டரி ஓட்டல் போய்விட்டது. கரி எஞ்சின் போய்விட்டது. பினாங்குக் கப்பலும் நின்றுபோய் எத்தனையோ காலமாகிறது.

பைபாஸ் ஓட்டலில் அடுத்த மேஜைக்காரன் விரலைச் சொடுக்கி, "ஏ பொண்ணு, இங்க வா" என்றான். அந்தப் பெண் வாளியை இடது கைக்கு மாற்றினாள். சட்டைக்குள் கிடந்த கயிற்றை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு அவனிடம் போனாள்.