பால் சுறா

எங்கள் ஊர்க் கோயிலில் கொடியேறிவிட்டால் ஊருக்குள் மச்சம் கிடையாது. மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றுக்கும் நாங்கள் வைத்திருக்கும் ஒரே பெயர் அது. மச்சச் சட்டிகள் கொடியிறங்கும்வரை கொட்டிலில் கவிழ்ந்து கிடக்கும். எவரும் போட்ட கட்டளையல்ல. அவரவர் பக்தி, அவரவர் நாக்கு. அந்தப் பக்தியை அடுத்தவர் அடுப்படிவரை கொண்டுபோனது தொண்ணூறாம் ஆண்டுத் திருவிழாவில்தான். கொண்டுபோனவர்களில் ஒருவன் என் தம்பி.

அந்த வருஷம் ஆமி இருந்த கோட்டையைச் சுற்றிச் சண்டை. கோட்டைக்குப் பக்கத்துக் கடற்கரைக் குருநகர்ச் சனம் கையில் அகப்பட்டதோடு எங்கள் வலிகாமத்துக்குள் வந்து சேர்ந்தது. பக்கத்து வளவில் வெளிநாடு போனவர்களின் வீடு பூட்டிக் கிடந்தது. திறப்பு எங்கள் ஐயாவிடம் இருந்தது. தகப்பனை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் யாரையும் கேட்காமல் அதைத் திறந்து ஒரு வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பத்தை இருத்தினார். கடற்றொழில் செய்கிறவர்கள். ஒரு தாய், மகள், மருமகன். மகளுக்குக் கையில் பச்சைப் பிள்ளை. பயத்திலோ அலைச்சலிலோ அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளை அழுகிற சத்தம் வேலிக்கு மேலால் வந்துகொண்டே இருக்கும்.

பெற்றவளுக்குப் பால் சுரக்க எங்கள் பக்கத்தில் கொடுப்பது பால் சுறா. குஞ்சுச் சுறாவை அவித்து உதிர்த்து, உள்ளியும் தேங்காய்ப்பூவும் போட்டு வறை வறுப்பார்கள். சைவமோ வேதமோ, பிள்ளைப்பெற்ற வீட்டில் அந்த மணம் வரும். மருமகன் எங்கெல்லாமோ சைக்கிள் உழக்கி ஒரு சுறாவைக் கொண்டுவந்தான். தாய் வறுத்தாள். கொடியேறி இரண்டாம் நாள் அது. மணம் வேலி தாண்டித் தெரு ஒழுங்கைக்கு வந்தது.

கோயில் தொண்டு செய்கிற பெடியள் படலையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"கொடியேறின ஊரிலை மச்சம் காய்ச்சிறதெண்டால் உங்கடை ஊரிலை போய்க் காய்ச்சுங்கோ" என்றான் தம்பி. சட்டியைக் காலால் தட்டியதும் அவன்தான்.

அந்தத் தாய் சத்தம் போடவில்லை. "பிள்ளைக்குப் பாலில்லையப்பன்" என்று மட்டும் சொன்னாள்.

நெற்றி நிறையத் திருநீறோடு நின்று அதைச் செய்தான் என்று நினைக்க இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வீட்டுக்கு வந்தவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டேன். "சமயத்தை ஆராவது காப்பாத்தத்தானே வேணும்" என்றான். சமயம் ஏதோ கிணற்றுக்குள் விழுந்து கிடந்ததுபோல.

தோட்டத்தால் வந்த ஐயாவிடம் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. ஆனால் தம்பியைக் கூப்பிட்டு ஒரு சொல் சொல்லவில்லை. ஐயா கோயில் புராணப் படிப்பில் பயன் சொல்கிறவர். ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றவர் அதன் கருத்தை விரித்துச் சொல்வது எங்கள் வழக்கம். ஊரில் நடந்த பிழையை அந்தப் பயனுக்குள் வைத்து, பேர் சொல்லாமல் குட்டுவதும் வழக்கம்தான். குட்டு வாங்கியவன் சபையில் வாய் திறக்க முடியாது.

"நாளையிண்டைக்குப் படிப்பு சரவணப் பொய்கைக்கு வருது. கார்த்திகைப் பெண்டுகள் பால் குடுக்கிற இடம். அதிலை வைச்சுச் சொல்லுறன். அப்பதான் உறைக்கும்" என்றார்.

"அதுமட்டும் அந்தப் பிள்ளை என்னத்தைக் குடிக்கிறது?" என்று கேட்டேன். ஆட்டுப்பால் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

அந்த நாளும் வந்தது. ஐயா பேர் சொல்லாமல் குட்டவில்லை. பேர் சொல்லியே குட்டினார், முதலில் தன்னை.

"ஆறு பெண்டுகள் முருகனுக்குப் பால் குடுத்தவை. அவை அண்டைக்கு என்ன திண்டவை எண்டு ஆரேன் அடுப்படியிலை போய் மணந்து பாத்தவையோ?" என்று தொடங்கினார். "என்ரை மகன் பிறந்ததும் கொடியேறின கிழமைதான். மனிசிக்குப் பாலில்லை. இதிலை இருந்து பயன் சொல்லுற நான்தான் குருநகரிலை சுறா வாங்கி, கத்தரிக்காய்க்கு அடியிலை ஒளிச்சுக் கொண்டந்தனான். அந்தப் பாலிலை ஊறின கால்தான் இப்ப ஒரு தாயின்ரை சட்டியைத் தட்டினது. சுறாப்பால் குடியாமல் வளந்த ஆக்கள் இந்தச் சபையிலை இருந்தால் எழும்புங்கோ."

ஒருவரும் எழும்பவில்லை. பெண்கள் பக்கத்தில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தம்பி தூணோடு நின்றவன் வெளியே போனான். படிப்பை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். மறுநாள் பயன் சொல்ல வேறொருவரை இருத்தினார்கள். அதன் பிறகு ஐயாவை அழைக்கவே இல்லை. அவர் அதற்குக் கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை. அவருடைய கவலை வேறு.

கோயிலால் நேரே பக்கத்து வளவுக்குத்தான் போனோம், அவர்களிடம் சொல்ல. வீடு பூட்டியிருந்தது. திறப்பு எங்கள் படலையில் ஒரு நூலில் தொங்கியது. மத்தியானமே புத்தூர்ப் பக்கம் போய்விட்டார்களாம். வறை கொட்டுப்பட்ட இடத்தைச் சாணம் போட்டு மெழுகிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஐயா அந்த மெழுகின இடத்துக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். "அண்டைக்கே படலையிலை போய் நிண்டு கத்தியிருக்க வேணும். நான் பாட்டு வருமட்டும் பாத்துக்கொண்டு இருந்திட்டன்" என்றார். பாட்டுக்காகக் காத்திருந்து அப்படி ஒரு பிழை விட எங்கள் ஊரில் வேறு எவருக்கும் வராது. பிறகு எந்தக் குருநகர் ஆளைக் கண்டாலும் மறித்து அந்தக் குடும்பத்தை விசாரிப்பார். அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான், பிள்ளை தப்பியதா என்று. தம்பியும் அவரும் முகம் பார்த்துக் கதைப்பதை விட்டுவிட்டார்கள்.

தொண்ணூற்றைந்தில் எங்கள் முறை வந்தது. வலிகாமம் முழுவதும் மழைக்குள் நடந்து தென்மராட்சிக்குப் போனது. ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நாலு குடும்பத்தோடு நாங்கள். தம்பியின் மனைவிக்கு அங்கேதான் முதல் பிள்ளை பிறந்தது. அவளுக்கும் பால் வரவில்லை.

கார்த்திகை விளக்கீடு, சைவ வீடுகளில் மச்சம் தொடாத நாள். அன்று காலையில் வெளியே போன தம்பி மத்தியானம் ஒரு பேப்பர்ப் பொட்டலத்தோடு வந்து என்னிடம் நீட்டினான். பிரிக்காமலே தெரிந்தது, சுறா. பாயில் படுத்திருந்த ஐயா எழும்பி உட்கார்ந்தார்.

"ஆரிட்டை வாங்கினனீ?"

"ஒரு குருநகர் மனிசியிட்டை."

ஐயா என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "அவையைப் பற்றி ஏதும்..."

"கேட்டனான்" என்றான் தம்பி. "காணுற ஆக்களையெல்லாம் கேக்கிறனான், ஐயா. இந்த அஞ்சு வருசமாக் கேக்கிறன். ஒருத்தருக்கும் தெரியேல்லை."